முதல் ஊசி அம்மாவுக்கு

ஒன்பது வயது முடியும்வரை நான் படுக்கையை நனைத்தேன். இதைச் சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. ஒரு ஆயுளுக்கான வெட்கத்தை அந்த வயதிலேயே பட்டு முடித்துவிட்டதால் மிச்சம் வைக்க எதுவும் இருக்கவில்லை.

ஜெர்மனியில், எசன் நகரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வாரத்துக்கு வாரம் நேரம் மாறும் வேலை. அம்மா விடியமுன் அலுவலகங்களைத் துடைக்கும் புட்ஸ் வேலைக்குப் போய்வருவார், பின்னேரத்தில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவப் போவார். என்னுடைய நனைந்த விரிப்புகள் குளியலறை வாளிக்குள் சேர்ந்துகொண்டிருக்கும். கட்டடத்தின் நிலவறையில் இருந்த சலவை இயந்திரம் எங்களுக்குச் சனிக்கிழமைகளில்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்வேன்.

குழந்தை வைத்தியர் கண்ட தீர்வு ஒரு மணி. உள்ளாடையில் ஒரு கம்பியைக் கொளுவி, தோளில் ஒரு சின்னப் பெட்டியைக் குத்திக்கொண்டு படுக்க வேண்டும். ஈரம் பட்டதும் பெட்டி அலறும், பிள்ளை எழும்பும், நாளடைவில் உடம்பு பழகிவிடும் என்பது ஏற்பாடு. பெட்டி ஒழுங்காகத்தான் அலறியது. அப்பா எழும்பினார், அம்மா எழும்பினார், கீழ்வீட்டில் தனியாக இருந்த ஜெர்மன் கிழவர் எழும்பினார். நான் எழும்பவில்லை. நான்காம் நாள் கிழவர் படியேறி வந்து, புகை வந்தால் அடிக்கும் மணி உங்கள் வீட்டில் பழுதாகிவிட்டதா என்று மரியாதையாகக் கேட்டார். அம்மா தமிழில் நடந்ததை விளக்கி மன்னிப்புக் கேட்டார். நான் அதை ஜெர்மனில், ஓம், மணி பழுதுதான் என்று சொன்னேன். அன்றே அப்பா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மொழிபெயர்ப்பு என்னுடைய வீட்டு வேலை. அப்பாவுக்கு வேலையிடத்து ஜெர்மன் தெரியும், அம்மாவுக்கு அதுவும் அரைகுறை. ஏழு வயதிலிருந்து கடிதங்கள், டெர்மின் என்கிற சந்திப்பு நேரங்கள், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் எல்லாம் என் வாய்வழியாகத்தான் நடந்தன. எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். அம்மா பத்து வசனம் சொன்னால் நான் இரண்டு சொல்வேன். ஆசிரியை என்னைப் பற்றிச் சொல்லும் குறை வரும் வழியில் கரைந்துவிடும், புகழ்ச்சி என்றால் வரும் வழியில் சற்றுப் பருத்துவிடும். இரண்டு பக்கமும் என்னைத்தான் நம்பியிருந்தார்கள். அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது.

நான்காம் வகுப்பில் ஒரு வில்லங்கம் வந்தது. ஜூன் மாதம் வடகடலில் ஒரு தீவுக்கு ஐந்து நாள் வகுப்புச் சுற்றுலா. அறைக்கு நான்கு பேர், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில்கள். என் சிநேகிதி கீழ்க்கட்டிலில் தான் படுப்பதாகவும் மேல்கட்டிலை எனக்கு விடுவதாகவும் தை மாதமே முடிவு செய்துவிட்டாள். மேலே நான், கீழே அவள். அவளுடைய தாராள மனதுக்கு நான் நன்றி வேறு சொல்லவேண்டியிருந்தது. பெற்றோர் நிரப்பவேண்டிய படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, உங்கள் பிள்ளை இரவில் படுக்கையை நனைப்பதுண்டா என்பது. ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். அந்தக் கேள்வியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோதுதான் நான் முதல்தடவையாகக் குரல் தடுமாறி மொழிபெயர்த்தேன்.

“நிண்டாப் போகலாம்,” என்றார் அம்மா. “நிக்காட்டில் அங்கை போய் மானம் கெடோணுமே?”

அம்மாவோடு துடைக்கும் வேலை செய்த ஒரு வியட்நாம் பெண்தான் ஊசிக்கார அன்ரியைப் பற்றிச் சொன்னவர். சீன வைத்தியமாம், தன்னுடைய பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் அழுதவனாம், நாலு தரம் போனதும் அடங்கிவிட்டானாம். பச்சைக் குழந்தைக்கே ஊசி குத்துகிறார் என்றால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் குத்துவதில் என்ன என்று அம்மா தீர்மானித்தார். அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. “ஊசி குத்தினாச் சலம் நிக்குமோ? ஓட்டை கூடினா இன்னும் ஒழுகத்தானே செய்யும்,” என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். ஆனால் தடுக்கவில்லை.

இரண்டு ட்ராம் தரிப்பிடம் தள்ளி இருந்த மாமிக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, நான் வியாழக்கிழமைகளில் கணக்கு ரியூசனுக்குப் போவதாகச் சொல்லப்பட்டது. மாமிக்கு ஒரு விசயம் தெரிந்தால் எசன் முழுவதற்கும் தெரிந்த மாதிரி. என்னுடைய வயதில் ஒரு மகளை வைத்திருந்த மாமி, அப்படியென்றால் என்ரை பிள்ளையையும் சேர்த்துவிடலாமே என்று கேட்டார். இடமில்லையாம் என்றார் அம்மா. அதன்பிறகு எனக்குக் கணக்கில் குறைந்த புள்ளி வந்தபோதெல்லாம் மாமி அந்த ரியூசனை இரக்கத்தோடு விசாரித்தார்.

ஊசிக்கார அன்ரி சீனப் பெண்ணல்ல. சீனாவில் சில வருடங்கள் தங்கிப் படித்துவந்த ஜெர்மன்காரி. ஐம்பது வயதிருக்கும், கட்டை நரைத்தலை. வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். ஜெர்மன்காரர் வீட்டில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் அம்மாவுக்கு அவரில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மற்றப் பாதி, காத்திருக்கும் இடத்தில் வந்தது. அங்கே ஒரு தாய் ஆறு மாதக் குழந்தையோடு உள்ளே போனார். கதவு திறந்தபடியே இருந்தது. குழந்தைகளுக்கு ஊசியை உள்ளே விட்டு வைப்பதில்லை, தொட்டதும் எடுத்துவிடுவார். குழந்தை அழ வாயெடுக்குமுன் வேலை முடிந்துவிட்டது. அது எதற்காக வாயைத் திறந்தோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தது.

எங்கள் முறை வந்தது. அறையில் எனக்கு ஒரு கட்டில், அதன் பக்கத்தில் மரக்கைகள் வைத்த ஆழமான பழைய கதிரை ஒன்று. அன்ரி என் நாக்கைப் பார்த்தார், இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், பாதம் குளிருமா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேள்விகள். பிள்ளை பிறந்த நேரம் எப்படி, வயிற்றில் இருந்தபோது ஏதாவது பயம் ஏற்பட்டதா, நீங்கள் எப்படி நித்திரை கொள்கிறீர்கள்.

எனக்கு நோய் வருத்தம் என்று வந்தால் அம்மாவின் நித்திரையை ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவும் ஒரு கணம் முழித்தார். ஆனால் பிறகு பேசத் தொடங்கிவிட்டார். அம்மா அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. நான் வயிற்றில் இருந்தபோது அகதி முகாமில் கழிந்த பனிக்காலம், அந்த அறையின் பொதுக் குழாய், சண்டை நடக்கும் ஊரில் இப்போது ஐந்து மாதமாகச் சேதி இல்லாத தன் தம்பி, ரெலிபோன் மணி அடித்தாலும் பயம் அடிக்காவிட்டாலும் பயம் என்று எங்கெங்கோ போனது. அன்ரி குறுக்கிடாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முடித்ததும் அன்ரி என் பக்கம் திரும்பினார்.

எனக்குச் சலித்துப்போயிருந்தது. இதற்கும் என் படுக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. “எல்லாம் வழமைபோலத்தான். அம்மா நல்லாக நித்திரை கொள்வார்,” என்று ஜெர்மனில் சொன்னேன்.

அன்ரி எதையோ எழுதினார். நான் சொன்னதைவிட அதிகமாக எழுதினார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு அவர் தன்னுடைய விதியைச் சொன்னார். “இந்த அறையில் முதல் ஊசி அம்மாவுக்கு. பிள்ளை ஊசியைப் பார்ப்பதில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கும்.” இதை நான் சந்தோசமாக, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா கதிரையில் இருந்து கையை நீட்டினார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒன்று, மற்றக் கையில் ஒன்று. தலைமயிர் போன்ற மெல்லிய ஊசிகள். மூன்றாவதை அன்ரி அம்மாவின் இரு புருவங்களுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த இடத்தில் அம்மாவின் ஒட்டுப்பொட்டு இருந்தது.

அம்மா தயங்கினார். குளிக்கும் நேரம் தவிர அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்து நான் கண்டதில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது பொட்டை எடுப்பதா என்பது அவருடைய கவலை. “கனநேரமோ எண்டு கேள்,” என்றார். இருபது நிமிடம் என்றார் அன்ரி. அம்மா சற்று யோசித்தார். பிறகு பொட்டை உரித்து, தொலைந்துபோகாமல் இருக்கக் கதிரையின் மரக்கையில் ஒட்டினார். அந்த இடத்தில் ஊசி இறங்கியது. அம்மாவின் முகத்தில் வலி தெரியவில்லை. நான் விதிப்படி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கணுக்காலுக்கு மேலே உட்பக்கத்தில் ஒன்றொன்று. சின்னவிரலின் மடிப்பில் ஒரு தொட்டெடுப்பு. அது மட்டும் நுளம்பு கடித்த மாதிரிக் கடுத்தது. பிறகு ஒரு சீன மூலிகையைச் சுருட்டுப்போலச் சுற்றிக் கொளுத்தி, தொப்புளுக்குக் கீழே தோலில் படாமல் பிடித்துச் சூடு காட்டினார். அந்தப் புகைமணம் எங்கள் உடுப்பில் ஏறி வீட்டுக்கும் வந்தது. அப்பா மணந்து பார்த்துவிட்டு, கஞ்சாவென்று பொலிஸ் பிடித்தால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றார்.

கதிரையில் இருந்த அம்மா ஐந்து நிமிடத்தில் நித்திரையாகிவிட்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் சற்றுத் திறந்து, புருவ நடுவில் ஊசி மூச்சோடு சேர்ந்து மெல்ல அசைந்தது. மெதுவாகக் குறட்டையும் வந்தது. அன்னியர் வீட்டில் அம்மா இப்படிச் செய்வது எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா என்று கூப்பிடப் போனேன். அன்ரி வாயில் விரல் வைத்துக் காட்டினார். அந்த வருடம் முழுவதும் அம்மா ஆழ்ந்து உறங்கியதை நான் பார்த்தது அந்தக் கதிரையில் மட்டும்தான். வீட்டில் நான் படுக்கப் போகும்போது அவர் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பார், எழும்பும்போது வேலையால் வந்து நிற்பார்.

போகும்போது அன்ரி எனக்கு ஒரு நாள்காட்டித் தாள் தந்தார். நனையாத நாளுக்குச் சூரியன், நனைந்த நாளுக்கு முகில். ஒவ்வொரு நாளும் நானே கீறவேண்டும், வியாழக்கிழமைகளில் கொண்டுவந்து காட்டவேண்டும். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். முதல் இரண்டு வாரமும் ஒரே முகில். மூன்றாம் வாரம் ஒரு சூரியன். நான் அதற்குக் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் வைத்தேன். சித்திரை பிறந்தபோது வாரத்துக்கு நான்கு சூரியன். ஊசியோ, சூடோ, வயதோ, எது வேலை செய்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வைகாசி நடுவில் சூரியன்கள் வரிசையாக நிற்கத் தொடங்கின. நான் மேல்கட்டிலுக்கு ஒரு சின்ன மின்விளக்கு வேண்டுமென்று அப்பாவிடம் கேட்டுவைத்தேன்.

அப்போதுதான் முகில்கள் திரும்பி வந்தன.

ஒரு புதன்கிழமை காலையில் சமையலறைக்கு வந்தபோது அன்றைய கட்டத்தில் ஏற்கெனவே ஒரு முகில் இருந்தது. அம்மாவின் நீலப் பேனாவால் கீறியது. அம்மாவுக்குக் கீற வராது, அது கறிக்கு வெட்டும் பூக்கோவா மாதிரி இருந்தது. நான் அம்மாவிடம் ஓடினேன்.

“கொஞ்சம்தான் நனைஞ்சது. நீ நல்ல நித்திரை. வேலைக்குப் போகமுன்னம் நான் மாத்தி விட்டனான்,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார்.

நான் நம்பினேன். ஏன் நம்பக்கூடாது. ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாமல் நனைத்தவள்தானே. ஆனால் முன்பெல்லாம் விடியும்போது எனக்கு ஈரம் தெரியும், இப்போது தெரியாமல் நடக்கிறதென்றால் வருத்தம் கூடிவிட்டது என்று பயந்தேன். அடுத்த வாரம் மறுபடி ஒரு முகில். அதற்கடுத்த வாரம் இரண்டு. பள்ளிக்கூடத்தில் சிநேகிதி தீவைப் பற்றிப் பேசும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஆனாலும் என் மூளையில் ஒரு மூலை சும்மா இருக்கவில்லை. வாளிக்குள் விரிப்பு இருக்கவில்லை. சனிக்கிழமைச் சலவையிலும் விரிப்புக் குறைவு. சுற்றுலாவுக்கு முந்திய கடைசி வாரத்தில், செவ்வாய்க்கிழமை படுக்கப்போகும்போது என் விரிப்பின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். புதன் காலையில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மறுபடி பூக்கோவா முகில். திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். புள்ளி இருந்த இடத்தில் இருந்தது. விரிப்பு காய்ந்து, என் உடம்பின் சூட்டோடு இருந்தது. வாளி வெறுமை. மெத்தையை மணந்தும் பார்த்தேன்.

அம்மா பொய் சொல்லியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒரு மாதமாக வெட்கப்பட்டிருக்கிறேன். காரணம் கண்டுபிடிக்க எனக்குக் கனநேரம் எடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் மாமி வந்திருந்தபோது, பொம்பிளைப் பிள்ளையை அஞ்சு நாள் தனிய அனுப்பிறதோ என்று கேட்டிருந்தார். அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார். ஆகவே, அம்மாவுக்கு என்னை அனுப்ப விருப்பமில்லை. நேராக மறுத்தால் நான் குழப்படி செய்வேன் என்று முகில் கீறுகிறார். வெள்ளிக்கிழமை படிவம் கொடுக்கக் கடைசி நாள். நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது, அது வியாழக்கிழமை.

ட்ராமில் நான் அம்மாவுக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்தேன். அம்மா களைத்திருந்தார். அறைக்குள் போனதும் அம்மா வழமைபோலக் கதிரையில் இருந்து, யாரும் சொல்லாமலே பொட்டை உரித்து மரக்கையில் ஒட்டினார். கைகள் இரண்டையும் மடியில் வைத்து, கண்ணையும் மூடிவிட்டார். மூன்று மாதத்தில் அது பழக்கமாகிவிட்டது. எனக்குப் பயம் வராமல் இருக்க முதல் ஊசி அம்மாவுக்கு என்ற விதியை யாரும் மறுபடி நினைத்துப் பார்க்கவில்லை, நான் ஊசிக்குப் பயப்படுவதை நிறுத்தி எவ்வளவோ நாளாகியிருந்தும்.

அன்ரி நாள்காட்டியைப் பார்த்தார். “இந்த வாரமும் ஒரு முகிலா?” என்று என்னிடம் கேட்டார்.

நான் கட்டிலில் ஏறவில்லை. நின்றபடியே, ஜெர்மனில், எவ்வளவு வேகமாகச் சொல்ல ஏலுமோ அவ்வளவு வேகமாகச் சொன்னேன். நீல முகில்கள் என்னுடையவை அல்ல. அவற்றை அம்மா கீறினார். நான் வைகாசி நடுவிலிருந்து ஒரு நாளும் நனைக்கவில்லை. விரிப்பில் புள்ளி வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு என்னைத் தீவுக்கு அனுப்ப விருப்பமில்லை.

அம்மா கண்ணைத் திறந்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அம்மா, முகில், புள்ளி என்ற சொற்கள் நிச்சயமாக விளங்கியிருக்கும். என்னைப் பார்க்கவில்லை. அன்ரியையும் பார்க்கவில்லை. கதிரைக் கையில் இருந்த பொட்டைப் பார்த்தார்.

அன்ரி நாள்காட்டியை மடித்து என்னிடம் தந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அப்படியென்றால் உனக்குச் சுகமாகிவிட்டது, நீ இனி வரத் தேவையில்லை என்று சொல்லிப் பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கை கொடுத்தார். நான் வென்றுவிட்டேன். அன்ரி கையை விடாமல், “உன் அம்மாவிடம் ஒன்று கேள். அவருக்குத் தனியாக வர விருப்பமா? வியாழக்கிழமை இந்த நேரத்தை நான் அவருக்கே வைத்திருப்பேன். உனக்காக இல்லை, அவருக்காக,” என்றார்.

நான் கேட்டேன். வெற்றியில் இருந்ததால் தாராளமாக, முழுவதையும் சொன்னேன்.

அம்மா இலேசாகச் சிரித்தார். “எனக்கென்ன வருத்தம்? எனக்கு ஒண்டுமில்லை. எனக்கேன் ஊசியெண்டு சொல்லு,” என்றார். சொல்லிவிட்டு என்னுடைய முகத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் எப்படிச் சொல்லப்போகிறேன் என்று பார்ப்பது போல இருந்தது.

என்னுடைய வழமையான முறையில் அதை நான் எப்படியும் மாற்றியிருக்கலாம். கூட்டியிருக்கலாம், குறைத்திருக்கலாம். ஒரு பக்கம் நுழைந்த ஆம் மறுபக்கம் இல்லையாக வந்த நாட்களும், இல்லை ஆமாக வந்த நாட்களும் உண்டு. ஆனால் அன்று எனக்குப் பொய்யில் வெறுப்பு வந்திருந்தது. ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் விடாமல், அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அவர் சொன்னது இவ்வளவுதானா?” என்று அன்ரி கேட்டார்.

“இவ்வளவுதான்,” என்றேன். என்னைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா எழும்பினார். பொட்டை மரத்திலிருந்து நகத்தால் கிளப்பி நெற்றியில் அழுத்தினார். வாசலில் சப்பாத்துப் போட்டபோது அன்ரி அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து ஜெர்மனில் ஏதோ சொன்னார். நான் முன்னால் போய்விட்டதால் அது எனக்குக் கேட்கவில்லை. மொழிபெயர்க்க யாரும் கூப்பிடவும் இல்லை.

திரும்பும் ட்ராமில் எதிரெதிர் இருக்கைகளில் இருந்தோம். பொட்டு கோணலாக, ஒரு பக்கம் ஒட்டாமல் இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன், கோபம் முழுவதும் போகாததால் சொல்லவில்லை. அம்மா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துத் தந்தார். “நாளைக்கு மறக்காமல் குடு,” என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுற்றுலாப் படிவம். எல்லாக் கட்டமும் அம்மாவின் உருண்டை எழுத்தில் நிரம்பியிருந்தது. கீழே கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் திகதி, மூன்று வாரத்துக்கு முந்தியது. அதாவது மாமி வந்து கேட்கமுன்பே அம்மா என்னை அனுப்பச் சம்மதித்துக் கையெழுத்து வைத்துவிட்டார். ஒன்பதாவது கேள்வியில், இல்லை என்ற பெட்டிக்குள் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. கோடுகள் பெட்டிக்கு வெளியே போகாமல் கவனமாகப் போட்டது.

ஒரே நாட்களில் அம்மா ஒரு தாளில் உண்மையும் இன்னொரு தாளில் பொய்யும் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துத் தாளில் உண்மை, ஊசிக்கார அன்ரியின் தாளில் பொய். நீல முகில்கள் எல்லாமே புதன்கிழமையிலோ வியாழக்கிழமையிலோதான் வந்தன என்பதை நான் கவனித்தது பல வருடங்களுக்குப் பிறகு, அந்த நாள்காட்டி ஒரு பழைய புத்தகத்துக்குள்ளிருந்து கிடைத்தபோது. எனக்குச் சுகமாகிவிட்டால் அந்தக் கதிரை இல்லை, அந்த இருபது நிமிடம் இல்லை. பிள்ளைக்கு வருத்தம் என்று சொல்லி எங்கேயும் போகலாம், தனக்கு வருத்தம் என்று சொல்லிக்கொண்டு போக அம்மாவுக்கு வாய் வரவில்லை. அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. முதல் நாளே அவர் என்னிடம் சொல்லித்தான் இருந்தார்.

இதெல்லாம் இப்போது. அன்று ட்ராமில் இருந்த ஒன்பது வயதுக்காரிக்கு விடை வேறு விதமாகக் கிடைத்தது. அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது, ஆகவே ஆம் என்று போட நினைத்துப் புள்ளடியைப் பிழையான பெட்டிக்குள் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் திருத்திவிடுவார் என்று பயந்து, தாளைச் சத்தமில்லாமல் மடித்துப் புத்தகப் பையின் அடியில் வைத்தேன்.